ரயில் போன வழியில் நடந்து ஒரு குட்டி அருவிக்கு: முதல்முறை போகிறவர்களுக்கு

ரயில் நின்றுபோன பழைய பாதையில் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துவிட்டு, அதே தடத்தை நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் சரிசெய்து விட்டிருப்பார்கள். அதுதான் ரயில் டிரெயில். காட்டு நடை என்றாலே மூச்சு வாங்கும், முட்டி வலிக்கும் என்று ஒதுங்கியே இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. அந்த நடையின் முடிவில் ஒரு குட்டி அருவியும் இருந்தால், பிள்ளைகளையும் வயதானவர்களையும்கூட இழுத்துக்கொண்டு போகலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். பாதைதான் தட்டை, அருவி தட்டை இல்லை. நாலைந்து கிலோமீட்டர் சமதளத்தில் சுகமாக நடந்து வந்த காலை, கடைசி 200 மீட்டரில் திடீரென்று ஈரப் பாறையிலும் வேரிலும் செங்குத்துச் சரிவிலும் வைக்க வேண்டி வரும். வழுக்கல், சுளுக்கு, அதைவிட மோசமானவை எல்லாம் பெரும்பாலும் நடப்பது அந்தக் கடைசித் துண்டில்தான். இந்தக் கட்டுரையில் நான் அதிக நேரம் நிற்கப்போவதும் அங்கேதான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரயில் ஓடிக்கொண்டிருக்கும் பாதையில் நடந்து அருவிக்குப் போவது வேறு சங்கதி. அதைச் செய்யாதீர்கள். வளைவிலோ சுரங்கத்திலோ ரயில் வந்தால் ஒதுங்க இடம் இருக்காது. பக்கத்தில் அருவி இரைந்துகொண்டிருந்தால் ரயில் வரும் சத்தமும் காதில் விழாது. நான் சொல்வது முறையாக மூடப்பட்டு, நடப்பதற்கென்றே திறந்துவிடப்பட்ட பாதைகளைப் பற்றி மட்டும்.

இது ஏன் இவ்வளவு தட்டையாக இருக்கிறது

இது தெரிந்தால் அருவி எங்கே இருக்கும் என்பதையும் நீங்களே ஊகித்துவிடலாம், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின் மேல் உருளும்போது பிடிமானம் குறைவு. ஏற்றம் கொஞ்சம் கூடினாலே என்ஜின் சக்கரம் வழுக்கும். ஆகவே ரயில் பாதை போட்டவர்கள் 100 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் ஏற்றம், மிஞ்சிப்போனால் 2 மீட்டர் என்று பார்த்துப் பார்த்துப் போட்டார்கள். 3 மீட்டரைத் தாண்டுவது அபூர்வம். மேட்டை வெட்டினார்கள், பள்ளத்தில் மண்ணைக் கொட்டிக் கரை எழுப்பினார்கள், அதுவும் முடியாத இடத்தில் பாலம் கட்டினார்கள், மலையைக் குடைந்தார்கள். மலைப்பகுதியில் இவ்வளவு மென்மையான ஏற்றம் இயற்கையாகவே கிடைக்கும் இடம் ஆற்றுப் பள்ளத்தாக்குதான். அதனால்தான் பல பாதைகள் ஆற்றை ஒட்டியே வளைந்து வளைந்து போகின்றன.

பெரிய ஆறு தன் பள்ளத்தாக்கை ஆழமாக அறுத்துவிட்டிருக்கும். பக்கவாட்டிலிருந்து வந்து சேரும் சின்ன ஓடைகளுக்கு அவ்வளவு பலம் இல்லை, அவை மேலேயே தங்கிவிட்டு கடைசியில் ஒரே தாவாக ஆற்றுமட்டத்துக்கு இறங்கும். அந்தத் தாவல்தான் நாம் தேடிப்போகும் குட்டி அருவி. ரயில் பாதை பள்ளத்தாக்கின் ஓரத்தில் போவதால் இப்படி இறங்கும் ஓடைகளை ஒவ்வொன்றாகக் கடந்தாக வேண்டும். எனவே பாதையில் எங்கெல்லாம் சிறு பாலமோ, கரைக்கு அடியில் கல்லால் கட்டிய நீர்வழியோ வருகிறதோ, அங்கெல்லாம் நின்று மேல்பக்கமும் கீழ்பக்கமும் பாருங்கள். வரைபடத்தில் பேர் இல்லாத அருவிகள் இப்படித்தான் கண்ணில் படும்.

எந்தப் பாதை, எவ்வளவு தூரம்

உலகத்தில் இப்படிப்பட்ட பாதைகளுக்குப் பஞ்சமே இல்லை. அமெரிக்காவில் 1916 வாக்கில் சுமார் 4 லட்சம் கிலோமீட்டர் ரயில் பாதை இருந்தது. அப்புறம் லாரியும் காரும் வந்து பல கிளைப்பாதைகள் மூடப்பட்டன. 1983இல் அங்கே ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தார்கள்: மூடப்படும் தடத்தைத் துண்டு துண்டாக விற்றுவிடாமல், பின்னாளில் ரயில் தேவைப்பட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்ற நிபந்தனையோடு நடைபாதையாக வைத்துக்கொள்ள அது வழி செய்தது. அதனால் பல தடங்கள் முழுசாகத் தப்பின. பிரிட்டனில் நட்டத்தில் ஓடும் பாதைகளை மூடச் சொன்ன 1963ஆம் ஆண்டு பீச்சிங் அறிக்கைக்குப் பிறகு மூடிய பாதைகளில் பல இன்று நடைபாதைகள். ஸ்பெயினில் 1993 முதல் ‘வியாஸ் வெர்தெஸ்’ (பசுமைப் பாதைகள்) என்ற பெயரில் இவற்றைத் திறந்து வருகிறார்கள். நியூசிலாந்தின் ஒடாகோ சென்ட்ரல் ரயில் டிரெயில் 152 கிலோமீட்டர் நீளம், 2000ஆம் ஆண்டு முழுமையாகத் திறந்தார்கள்.

அருவியோடு சேர்ந்த பாதை வேண்டும் என்றால் அமெரிக்காவின் பென்சில்வேனியா பக்கம் நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. லீஹை பள்ளத்தாக்குப் பாதையில் ராக்போர்ட் அருகே பட்டர்மில்க் அருவி பாதையை ஒட்டியே விழுகிறது. பிட்ஸ்பர்க்கிலிருந்து மேரிலாந்தின் கம்பர்லாண்ட் வரை 240 கிலோமீட்டர் ஓடும் கிரேட் அலெகேனி பாதை, ஒஹையோபைல் என்ற சின்ன ஊருக்குள் புகுந்து போகிறது. அங்கே ஆற்றிலேயே ஓர் அருவி, கொஞ்சம் தள்ளிப் பக்க ஓடையில் குக்கும்பர் அருவி, சுமார் 9 மீட்டர் உயரம். இப்படி முழுநீளப் பாதையில் அருவி இருக்கும் துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தால் போதும். 240 கிலோமீட்டர் என்று பார்த்துப் பயந்துவிடாதீர்கள், யாரும் ஒரே மூச்சில் போகச் சொல்லவில்லை.

முதல் நடைக்கு ஒரு வழி 3 முதல் 5 கிலோமீட்டருக்குள் அருவி இருக்கும் பாதையாகப் பாருங்கள். சமதளம்தானே, 10 போகலாம் என்று தோன்றும். அந்த எண்ணத்தை அடக்குங்கள். மலைப் பாதையில் ஏறும்போது உடம்பே ‘போதும்’ என்று சொல்லிவிடும். இங்கே சொல்லாது. பேசிக்கொண்டே போய் 8 கிலோமீட்டர் தாண்டிய பிறகு, வந்ததெல்லாம் திரும்ப நடக்க வேண்டுமே என்று அப்போதுதான் உறைக்கும். பெரும்பாலான ரயில் டிரெயில்கள் வட்டமாகத் திரும்பி வருவதில்லை, போன வழியிலேயேதான் வர வேண்டும்.

நேரத்தை இப்படிக் கணக்குப் போடுங்கள். புதியவர்கள் நின்று பார்த்து நடந்தால் மணிக்கு 4 கிலோமீட்டர். அருவி 4 கிலோமீட்டரில் என்றால் போக 1 மணி நேரம், வர 1 மணி நேரம். ரயில் பாதையிலிருந்து அருவிக்குப் பிரியும் கிளைப்பாதையில் போக வர 30 முதல் 40 நிமிடம் தனியாக ஒதுக்குங்கள், அது 300 மீட்டர்தான் என்றாலும். அருவியில் 1 மணி நேரம். ஆக 4 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பொழுது சாய்வதற்கு 1 மணி நேரம் முன்னால் வண்டியருகே இருக்க வேண்டும் என்று வைத்து, அதிலிருந்து பின்னோக்கி எண்ணி, எத்தனை மணிக்குத் திரும்பியே ஆக வேண்டும் என்று ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் வந்தால் அருவி இன்னும் கண்ணில் படாவிட்டாலும் திரும்பிவிட வேண்டும். ஆழமான பள்ளத்தாக்கில் சூரியன் சீக்கிரமே மலைக்குப் பின்னால் போய்விடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

முடிந்தால் போகும்போது ஏற்றமாகவும் வரும்போது இறக்கமாகவும் இருக்கும் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். 2 சதவீத ஏற்றம் கண்ணுக்கே தெரியாது, ஆனால் 5 கிலோமீட்டரில் 100 மீட்டர் ஏறியிருப்பீர்கள். களைத்த காலுக்கு அந்த இறக்கம் பெரிய உபகாரம். ஆற்றோரப் பாதை என்றால் நீரோட்டத்துக்கு எதிராகப் போவதுதான் பெரும்பாலும் ஏற்றம்.

வரைபடத்தில் பார்க்க வேண்டியவை: வண்டி நிறுத்துமிடம், கழிப்பறை (பழைய ரயில் நிலையங்களே பல இடங்களில் இன்று தொடக்க இடங்கள், இரண்டும் அங்கேயே இருக்கும்), பாலங்கள், சுரங்கம் இருந்தால் அதன் நீளம், அருவிக்குப் பிரியும் கிளைப்பாதை. அப்புறம், அந்தக் கிளைப்பாதை பொது நிலத்தில்தான் போகிறதா என்பதும் முக்கியம். ரயில் தடம் என்பது ஒரு குறுகிய நிலப்பட்டை, அதற்கு இரண்டு பக்கமும் தனியார் தோட்டமோ காடோ இருக்கலாம். யாரோ போட்ட படத்தில் அருவி தெரிகிறது என்பதற்காக வேலியைத் தாண்டக் கூடாது. உயரக்கோடு (ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கும் கோடு) போட்ட வரைபடம் படிக்கத் தெரிந்தால் இன்னும் நல்லது. ஓடையை அந்தக் கோடுகள் நெருக்கி நெருக்கி வெட்டும் இடத்தில் அருவி இருக்கும், அந்த நெருக்கத்தைப் பார்த்தே கிளைப்பாதை எவ்வளவு செங்குத்து என்றும் தெரிந்துகொள்ளலாம்.

கிளம்பும் முன் பாதை திறந்திருக்கிறதா என்று பராமரிப்பவர்களின் அறிவிப்பைப் பாருங்கள். ஆற்றோரப் பாதை என்பதால் ஒரு வெள்ளம் வந்தால் பாலமே போய்விடும். அமெரிக்காவின் வர்ஜீனியா கிரீப்பர் டிரெயில் மரப்பாலங்களுக்குப் பேர்போன பாதை. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வெள்ளத்தில் அதன் மேல்பாதியில் பல பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டன. பழைய பயணக் குறிப்பை மட்டும் படித்துவிட்டுப் போனவர்களுக்கு ஏமாற்றம்தான்.

எப்போது போவது

குட்டி அருவிக்கு நீர் வரும் பரப்பு சின்னது. மழை பெய்தால் சட்டென்று பெருகும், நின்றால் சட்டென்று இளைக்கும். கோடையின் கடைசியில் போனால் ஈரப் பாறையை மட்டும் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள், அல்லது அதற்கு அடுத்த நாள் மிகச் சரியான சமயம். நீரும் இருக்கும், கலங்கலும் தெளிந்திருக்கும். பனி விழும் நாடுகளில் பனி உருகும் வசந்தம். மழை பெய்துகொண்டிருக்கும் நாளில் போக வேண்டாம். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும், ஓடை புறப்படும் மலையில் மழை என்று வானிலை அறிக்கை சொன்னால் அன்றைக்குப் பாதையோடு நின்றுவிடுங்கள், அருவிக்கு இறங்காதீர்கள்.

காலுக்கும் முதுகுக்கும்

செருப்பு விஷயத்தில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். பாதை மட்டும் என்றால் சாதாரண நடைக் காலணி போதும். தார் போட்டதோ, கல்தூள் கொட்டி இறுக்கியதோ, எதுவானாலும் சிரமம் இல்லை. ஆனால் நாம் போவது ஈரப் பாறைக்கு. அதனால் அடிப்பக்கம் ஆழமான பல் உள்ள, ரப்பர் கெட்டிப்படாத காலணியாக இருக்கட்டும். புதுசாக வாங்கியதை அன்றைக்கே போட்டுக்கொண்டு கிளம்பக் கூடாது, அதற்கு முன் ஒரு வாரமாவது தெருவில் போட்டு நடந்து பழக்குங்கள். பருத்திக் காலுறை வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கொப்புளம் வரும். கம்பளியோ செயற்கை இழையோ நல்லது, மாற்றிக்கொள்ள இன்னொரு ஜோடி பையில் இருக்கட்டும்.

கொப்புளத்தைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மேடு பள்ளமான பாதையில் ஒவ்வொரு அடியும் ஒவ்வொரு விதமாக விழும். சமதளத்தில் ஆயிரக்கணக்கான அடிகள் ஒரே மாதிரி விழும், ஒரே இடம் தேயும். குதிகாலிலோ விரலிலோ சூடாக ஒரு உறுத்தல் தெரிந்தால் அந்த நிமிடமே உட்கார்ந்து பிளாஸ்திரி ஒட்டுங்கள். கொப்புளமான பிறகு ஒட்டிப் பெரிய பலன் இல்லை.

பையில்: தண்ணீர் (மிதமான வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு ஆளுக்கு அரை லிட்டர், சூடு அதிகம் என்றால் இன்னும் கூட), சாப்பிட ஏதாவது, மெல்லிய மழைச் சட்டை, ஒரு கதகதப்பான மேல்சட்டை, டார்ச், விசில், பிளாஸ்திரியும் சுருள் கட்டுத்துணியும், சின்ன இடுக்கி, குப்பைக்கு ஒரு பை. மேல்சட்டை எதற்கு என்றால், நடக்கும்போது வியர்த்து, அருவியின் தூவானத்தில் நனைந்து, அங்கேயே ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் நல்ல வெயில் நாளிலும் குளிரெடுக்கும். வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி போனில் இறக்கி வையுங்கள், பள்ளத்தாக்கில் சிக்னல் கிடைக்கும் என்று நம்பக் கூடாது. எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

நடக்க ஆரம்பித்த பிறகு

இது நடப்பவர்களுக்கு மட்டுமான வழி இல்லை. சைக்கிள் வரும், சில இடங்களில் குதிரையும் வரும். அந்த நாட்டில் எந்தப் பக்கம் ஒதுங்குவது வழக்கமோ அந்தப் பக்கமாக நடங்கள், கும்பலாக அகலத்தை அடைத்துக்கொண்டு போகாதீர்கள். இரண்டு காதிலும் பாட்டுக் கேட்டுக்கொண்டு நடந்தால் பின்னால் மணியடிப்பது தெரியாது. குதிரை எதிரே வந்தால் சரிவின் கீழ்ப்பக்கமாக ஒதுங்கி நின்று, அதன் மேல் இருப்பவரிடம் மெதுவாக ஒரு வார்த்தை பேசுங்கள். நீங்கள் மனிதர் என்று குதிரைக்குப் புரிந்தால் மிரளாது. நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள், சின்னப் பிள்ளைகளைப் பாதையின் உள்பக்கமாக நடக்க விடுங்கள்.

சில பாதைகளில் சீர்திருத்தம் முடியாத துண்டுகள் வரும். பழைய கருங்கல் ஜல்லி அப்படியே கிடக்கும். கணுக்காலை எளிதில் திருப்பிவிடக்கூடிய தரை அது, வேகத்தைப் பாதியாக்குங்கள். ஓரத்தில் பழைய சிலிப்பர் கட்டைகள் குவிந்திருந்தால் உட்கார நல்ல இடம் போலத் தெரியும். உட்காராதீர்கள், எரிக்கவும் கூடாது. மரம் மக்காமல் இருக்க அவற்றில் ஏற்றிய கிரியோசோட் எண்ணெய் தோலுக்கும் நுரையீரலுக்கும் ஆகாது.

பாறையை வெட்டிப் போட்ட இடங்களில் இருபுறமும் சுவர் மாதிரி நிற்கும், நீர் கசியும், பெரணி அடர்ந்திருக்கும். பாதையிலேயே அழகான இடங்கள் அவை, நின்று பார்க்கத் தோன்றும். பாருங்கள், ஆனால் நடுவில் நின்று பாருங்கள். மழைக்குப் பிறகும் பனி உருகும் காலத்திலும் மேலிருந்து கல் விழும்.

சுரங்கம் வந்தால் டார்ச்சை முன்னாலேயே கையில் எடுத்துக்கொள்ளுங்கள். நேராக இருந்தால் மறுமுனை வெளிச்சம் தெரியும், வளைந்திருந்தால் நடுவில் கும்மிருட்டு. அமெரிக்காவின் விஸ்கான்சினில் 1967இல் திறந்த எல்ராய்–ஸ்பார்ட்டா பாதை இந்த மாதிரிப் பாதைகளுக்கெல்லாம் முன்னோடி. அதில் 3 சுரங்கங்கள், மிக நீளமானது 1 கிலோமீட்டருக்கும் மேல், உள்ளே விளக்கு கிடையாது. இங்கிலாந்தின் டார்பிஷயரில் மான்சல் பாதையில் 2011இல் திறந்த சுரங்கங்களுக்குப் பகலில் விளக்கு எரிகிறது. எதுவானாலும் உள்ளே குளிரும், மேலிருந்து சொட்டும், தரை நசநசவென்று இருக்கும்.

மைல் கல் எண்களைப் போகிற போக்கில் கவனித்துக்கொண்டே வாருங்கள். ரயில் காலத்துக் கல்லோ, இப்போது நட்ட பலகையோ, அருகில் கடைசியாகப் பார்த்த எண் ஞாபகத்தில் இருந்தால், ஏதாவது ஆகி உதவி கேட்கும்போது ‘இந்தக் கல்லுக்கும் இந்தக் கல்லுக்கும் நடுவில்’ என்று சொல்லிவிடலாம். தேடி வருபவர்களுக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. கையோடு அதை ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டாலும் சரி.

அருவிக்கு இறங்கும் இடம்

கிளைப்பாதை தொடங்கும் இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். மணி பாருங்கள், குறித்து வைத்த நேரத்துக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது? தண்ணீர் குடியுங்கள், காலணிக் கயிற்றை அவிழ்த்து இறுக்கிக் கட்டுங்கள், போனைக் கையிலிருந்து பைக்கு மாற்றுங்கள். இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும்.

பெரும்பாலும் ரயில் கரையிலிருந்து ஓடைமட்டத்துக்கு இறக்கம் இருக்கும், படி வெட்டியிருந்தால் அதிர்ஷ்டம். படி இல்லாத சரிவில் பக்கவாட்டாகத் திரும்பி, சின்னச் சின்ன அடியாக இறங்குங்கள். காய்ந்த இலைக்கு அடியில் ஈரக் களிமண் இருக்கும். மரவேரின் மேல் மிதிக்காதீர்கள், நனைந்த வேர் நனைந்த பாறையைவிட மோசம். ஏறித் திரும்பி வர முடியும் என்று உறுதியாகத் தெரியாத எந்தச் சரிவிலும் இறங்க வேண்டாம். வழி இல்லாத இடத்தில் கரையை நேராகச் சரித்துக்கொண்டு குறுக்கே இறங்குவதும் வேண்டாம். மண்ணைக் கொட்டி எழுப்பிய கரை அது, ஒருவர் சரித்த தடத்தில் அடுத்த மழை வாய்க்கால் வெட்டிவிடும், கடைசியில் பாதையே உடையும்.

அருவியடியில்

முதலில் தூரத்திலேயே நின்று ஐந்து நிமிடம் பாருங்கள். நீர் எங்கே விழுகிறது, எந்தப் பாறை நனைந்திருக்கிறது, எது காய்ந்திருக்கிறது, கீழே இருக்கும் குட்டையிலிருந்து நீர் எந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. கறுப்பாகவோ பச்சையாகவோ மினுங்கும் பாறை எல்லாம் பாசி பிடித்தது, எவ்வளவு நல்ல காலணி போட்டிருந்தாலும் நிற்காது. வெளிறிய, சொரசொரப்பான, காய்ந்த பாறையில் உட்காருங்கள்.

அருவியின் மேல் விளிம்புக்குப் போகாதீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. 5 மீட்டர்தானே, குட்டி அருவிதானே என்று தோன்றும். 5 மீட்டரிலிருந்து பாறையில் விழுந்தால் எலும்பு முறியும், உயிரே போகவும் கூடும். விளிம்புக்கு அருகே ஓடும் கணுக்கால் அளவு நீரும், பாசிப் பாறையில் கால் நழுவினால் நிறுத்த விடாமல் தள்ளிக்கொண்டு போகும். அருவியின் பக்கச் சுவரில் தொற்றி ஏறுவதும் இதே கதைதான், ஏறிவிடலாம், இறங்க முடியாமல் நடுவில் நிற்பார்கள்.

குளிக்க ஆசையாக இருக்கும், புரிகிறது. அறிவிப்புப் பலகையில் அனுமதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அனுமதி இருந்தாலும் நீர் நேராக விழும் இடத்துக்குள் போக வேண்டாம். அங்கே நுரைத்துப் பொங்கும் நீரில் பாதி காற்று, அது உடம்பைச் சாதாரண நீர் மாதிரி மிதக்க விடாது, சுழன்று திரும்பத் திரும்ப அடியிலேயே இழுக்கும். மேலிருந்து நீரோடு கல்லும் கட்டையும் வரும். குதிக்கவே கூடாது, கலங்கிய குட்டையில் அடியில் என்ன கிடக்கிறது என்று மேலிருந்து தெரியாது. மலை நீர் மிகவும் குளிர்ந்தது, திடீரென்று முழுகினால் தன்னையறியாமல் மூச்சை உள்ளே இழுப்போம், தலை நீருக்குள் இருக்கும்போது அப்படி இழுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கீழே நீர் அமைதியாக ஓடும் ஆழமில்லாத இடத்தில் காலை நனைத்துக்கொண்டு உட்காருங்கள், அந்தச் சுகமே பெரிசு.

உட்கார்ந்திருக்கும்போதும் நீரின் மேல் ஒரு கண் இருக்கட்டும். தெளிந்த நீர் திடீரென்று கலங்கினால், சுள்ளியும் இலையும் மிதந்து வர ஆரம்பித்தால், இரைச்சல் கூடினால், கொஞ்ச நேரம் முன்பு காய்ந்திருந்த கல் நனைந்தால், மேலே எங்கோ மழை என்று அர்த்தம். பையை அள்ளிக்கொண்டு உடனே கரைமேல் ஏறுங்கள். சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு ஏறலாம், ஒரு படம் எடுத்துவிட்டு ஏறலாம் என்று நினைக்காதீர்கள்.

அருவி நீரை அப்படியே குடிக்காதீர்கள். கொதிக்க வைக்காமலோ வடிகட்டாமலோ எந்த ஓடை நீரையும் நம்பக் கூடாது. ரயில் டிரெயில் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த ரயில்களில் பல நிலக்கரிக்காகவே போடப்பட்டவை, பழைய நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து இரும்பும் அமிலமும் இன்றும் ஓடைகளில் கசிகின்றன. மேற்கு வர்ஜீனியாவின் பிளாக்வாட்டர் பள்ளத்தாக்கில் பழைய ரயில் பாதை அருகே உள்ள டக்ளஸ் அருவியில் பாறைகள் செம்பழுப்பாக இருப்பதற்கு அதுதான் காரணம். பார்க்க அழகு. ஆனால் நாம் பையில் வைத்திருக்கும் வடிகட்டி கிருமியைத்தான் பிடிக்கும், கரைந்திருக்கும் உலோகத்தைப் பிடிக்காது.

படம் எடுக்க மேகமூட்டம்தான் நல்லது. சுள்ளென்ற வெயிலில் நீர் வெறும் வெள்ளைத் திட்டாகவும் பாறை கறுப்பாகவும் விழும். நீர் பட்டு மாதிரி வழுக்கி விழ வேண்டும் என்றால் ஷட்டரைக் கால் நொடியிலிருந்து 1 நொடிக்குள் வைத்து, கேமராவை அசையாமல் ஒரு கல்லின் மேல் ஊன்றுங்கள். பல போன்களில் நீண்ட எக்ஸ்போஷர் வசதி இருக்கிறது, அதுவும் போதும். தூவானம் லென்ஸில் படியும், ஒவ்வொரு படத்துக்கும் முன் துடையுங்கள். வானவில் வேண்டுமா, வெயில் உங்கள் முதுகில் விழும்படி அருவியைப் பார்த்து நில்லுங்கள், சூரியன் தாழ்ந்திருக்கும் காலையிலும் மாலையிலும் வாய்ப்பு அதிகம்.

அங்கே கல்லின் மேல் கல் அடுக்கி விளையாடுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஓடைக் கல்லுக்கு அடியில்தான் பூச்சிகளின் இளம்பருவமும் நீர்ப்பல்லிகளும் ஒண்டிக்கொண்டிருக்கும். அருவியின் தூவானம் படும் வளையத்தில் மட்டுமே வளரும் பாசியும் பெரணியும் உண்டு, ஒரு காலடியில் பிய்ந்தால் திரும்ப ஒட்டப் பல காலம் ஆகும். ஏற்கெனவே எல்லோரும் நடந்து வெறும் பாறையாகிவிட்ட இடத்திலேயே நில்லுங்கள். பழத்தோல் உட்பட எல்லாக் குப்பையும் பையோடு திரும்ப வர வேண்டும்.

திரும்பும்போது

ஈரமான காலுறையை மாற்றிக்கொண்டு கிளம்புங்கள். ரயில் பாதைக்கு ஏறியதும் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று யோசித்துத் திரும்புங்கள். நேர்கோடாக, இருபுறமும் ஒரே மாதிரி மரங்களோடு கிடக்கும் பாதையில் திசை தவறுவது மிக எளிது, அடுத்த மைல் கல் எண்ணைப் பார்த்தால் சரிதானா என்று தெரிந்துவிடும். காலின் முன்பக்க எலும்போரம் வலித்தால் வேகத்தைக் குறைத்து, அடியைச் சின்னதாக்குங்கள்.

கணுக்கால் பிசகி நடக்கவே முடியவில்லை என்றால் பாதையின் மேலேயே இருங்கள், குறுக்கு வழி தேடிக் காட்டுக்குள் இறங்காதீர்கள். யாராவது சைக்கிளில் வருவார்கள். சிக்னல் இல்லாவிட்டால் விசிலை மூன்று முறை ஊதி, சற்று நிறுத்தி, மறுபடியும் மூன்று முறை ஊதுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் குளிக்கும்போது முட்டிக்குப் பின்னால், இடுப்பு, அக்குள், தலைமுடி ஓரம் எல்லாம் தடவிப் பாருங்கள். பாதையோரப் புல்லில் உண்ணி இருக்கும், ஈரமான வெப்பக் காடுகளில் அட்டையும் இருக்கும். உண்ணி கடித்துப் பிடித்திருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக, நிதானமாக இழுங்கள், நசுக்கவோ நெருப்பு வைக்கவோ கூடாது. பிறகு சில வாரங்களுக்குள் அந்த இடத்தில் சிவந்து படர்ந்தாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் உண்ணி கடித்ததைச் சொல்லிக் காட்டுங்கள்.

வழியில் மரம் விழுந்து கிடந்ததையோ, பாலத்துப் பலகை ஆடியதையோ, மழை கரையை அரித்திருந்ததையோ பார்த்திருந்தால், அன்றைக்கே பாதையைப் பராமரிப்பவர்களுக்கு மைல் கல் எண்ணோடும் படத்தோடும் எழுதிப் போடுங்கள். பல பாதைகளில் அந்த வேலையைச் செய்வது சம்பளம் வாங்காத தொண்டர்கள், நீளமான பாதை முழுவதையும் தினமும் அவர்களால் நடந்து பார்க்க முடியாது.